ஈரக் காற்றில் காணாமல் போன 14 பிபிஎம்

அளவுகோல்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியது: "சென்சர் காபனீரொட்சைட்டை மட்டும்தான் பார்க்கும், ஈரப்பதனுக்குத் திருத்தம் தேவையில்லை." வாசித்ததும் எரிச்சல் வந்தது. 30 பாகையில் நிரம்பிய நீராவியின் அமுக்கம் சுமார் 42 மில்லிபார். கொழும்பில் ஈரப்பதன் 80 வீதம் என்றால் 34. மொத்த அமுக்கம் 1010 என்று வைத்தால், கருவி உள்ளே இழுக்கும் காற்றில் 3.4 வீதம் நீராவி. உலர் காற்றில் காபனீரொட்சைட்டு 420 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 420 பங்கு) இருப்பது ஈரக் காற்றில் 406 ஆகிவிடும். 14 பிபிஎம் எங்கே?

கொள்ளுப்பிட்டி77:
எழுதியது நான்தான். எங்கும் போகவில்லை. சென்சர் பார்ப்பது 4.26 மைக்ரோமீற்றர் அகச்சிவப்புக் கதிரை; அதை நீராவி உறிஞ்சுவது மிகக் குறைவு. 406 என்றால் 406.

அளவுகோல்:
நான் உறிஞ்சலைப் பற்றியே பேசவில்லை. நீராவி இடம் பிடித்தால் மற்ற வாயுக்களுக்கு இடம் குறையும். ஹவாயில் காபனீரொட்சைட்டை அளக்கும் மௌனா லோவா நிலையத்தில் 1958 முதல் உலர் காற்றுக்குத்தான் கணக்கு. 406ஐ 0.966ஆல் வகுங்கள், 420 வரும். 14 பிபிஎம்!

தெஹிவளைத் தம்பி:
அண்ணை, குழாயில் சிலிக்கா ஜெல் போட்டால் போதாதா?

அளவுகோல்:
போதாது தம்பி. அது காபனீரொட்சைட்டையும் கொஞ்சம் பிடித்துவைத்துப் பிறகு விடும். நேஃபியான் குழாய் பாருங்கள், நீராவியை மட்டும் சுவர் வழியே வெளியே விடும்.

கொள்ளுப்பிட்டி77:
அதன் விலை தெரியுமா? வெள்ளவத்தையில் நாங்கள் சுவாசிப்பது ஈரக் காற்று. அதில் இருப்பது 406.

மழைமானி:
போன வருடத் தூசிமானிச் சண்டை மறக்கவில்லை. ஈரத்தில் துகள் வீங்கும், கருவி கூட்டிக் காட்டும் என்று நான் சொன்னபோது மறுத்தவர் இதே அளவுகோல்தான். இன்றுவரை ஒரு மன்னிப்பு இல்லை.

அளவுகோல்:
அதை இங்கே இழுக்காதீர்கள். நான் மறுத்தது உங்கள் சூத்திரத்தை. சரி, கொள்ளுப்பிட்டி, உங்கள் கருவி ஏசி அறையில், குழாய் யன்னலுக்கு வெளியே. அப்படித்தானே? 24 பாகையில் 30 மில்லிபாருக்கு மேல் நீராவி நிற்காது. மீதி குழாயில் தண்ணீராக ஓடும். வெளி ஈரப்பதனை வைத்துத் திருத்தினாலும் பிழைதான்.

கொள்ளுப்பிட்டி77:
என் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. மூன்று வருடமாக ஓடுகிறது.

மழைமானி:
சூத்திரத்தில் என்ன பிழை என்று சொல்லவே இல்லையே?

அளவுகோல்:
அது பிறகு. கொள்ளுப்பிட்டி, நீங்கள் கருவியை அளவுத்திருத்தம் செய்யும் வாயு உருளையில் இருப்பது உலர் வாயு. அதற்குப் பழக்கிய கருவிக்கு ஈரக் காற்றைக் கொடுத்துவிட்டு மௌனா லோவாவோடு ஒப்பிடுகிறீர்கள். 14 பிபிஎம் என்பது அங்கே ஐந்தாறு வருட ஏற்றம்!

கொள்ளுப்பிட்டி77:
406. இனி எழுத மாட்டேன்.

அளவுகோல்:
எழுத வேண்டாம். குழாயைப் படம் எடுத்துப் போடுங்கள்.