புதுப்பிப்பு: மண்டைக்காடு முதல் முட்டம் வரை கடற்கரை நடை

கன்னியாகுமரி மாவட்டத்தில் மண்டைக்காடு கடற்கரையிலிருந்து முட்டம் பாறைமுனை வரை கரையோரமாகவே நடக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வள்ளியாறு கடலில் சேரும் பொழிமுகம் வழி மறிக்கும் என்று பலர் எச்சரித்தீர்கள். நடந்துவிட்டோம்! பொழி மணலால் அடைபட்டிருந்தது, அப்படியே கடந்தோம். மழைக்காலத்தில் ஆறு உடைத்துக்கொண்டு பாயும். அப்போது பாலம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நடையே வேண்டாம், அலை கரையை விழுங்கிவிடும்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கறுப்பும் சிவப்புமாக மாறுவதைப் பார்க்கவே நடக்கலாம். கறுப்பு இல்மனைட் தாது, சிவப்பு கார்னெட் தாது. ஆனால் வெயில் ஏறினால் கறுப்பு மணல் கொதிக்கும், செருப்பு கட்டாயம். தடுப்புச்சுவர்க் கற்கள் கிடக்கும் இடங்களில் ஊருக்குள் ஏறிப் போங்கள். வலை காயும் இடத்தில் மிதிக்காதீர்கள். முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, ஈரப் பாறையில் மட்டும் இறங்கவே வேண்டாம்.