"எனக்கு வராது" என்பது உண்மையா, பழக்கமா?

பழையபேனா:
நேற்று அலுவலகத்தில் ஒரு செலவுத்தாள் கைக்கு வந்தது. ஒரே பக்கம்தான். பார்த்ததுமே பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டிவிட்டேன். "எனக்குக் கணக்கு வராதுங்க" என்று சிரிப்பு வேறு. இரண்டு நிமிஷத்தில் முடித்துத் தந்தார். நான்கு எண்களைக் கூட்டி ஆறால் வகுத்திருந்தார், அவ்வளவுதான். இருபது வருஷமாக இதே வாக்கியத்தைச் சொல்லி எத்தனை தாள்களைக் கைமாற்றியிருப்பேன்!

ஏழாம் வகுப்பில் எனக்குப் பின்னம் புரியவில்லை. அது நிஜம். ஆனால் 'வரவில்லை' எப்போது 'வராது' ஆனது? 'வரவில்லை' என்றால் அன்றைக்கு நடந்த சங்கதி. 'வராது' நாளைக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு. இதில் பழியும் கணக்கின் மேல்தான். நான் வாசலிலேயே காத்திருக்கிறேன், அதுதான் வரமாட்டேன் என்கிறதாம்!

நம்மைச் சத்தமில்லாமல் பிடித்து நிறுத்துவது இந்த மாதிரி வாக்கியங்கள்தான் என்று நினைக்கிறேன். உங்களிடம் என்ன 'வராது' இருக்கிறது?

வெட்டுக்கிளி:
ஆரம்பித்துவிட்டது தன்னம்பிக்கை வகுப்பு. அடுத்து யாராவது ரோஜர் பானிஸ்டர் கதையோடு வருவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடவே முடியாது என்று உலகம் நம்பியதாம். 1954 மே 6 அன்று அவர் 3:59.4இல் ஓடியதும் மனத்தடை நொறுங்கியதாம்.

சாதனை நேரம் 1945லேயே 4:01.4க்கு இறங்கிவிட்டது. ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் ஜான் லாண்டி, பானிஸ்டருக்கு முன்பே 4:02, 4:03 என்று பலமுறை ஓடிப் பக்கத்தில் வந்தவர். 46 நாள் கழித்து அவர் பானிஸ்டரின் சாதனை நேரத்தை முந்தியது ஞானோதயத்தால் அல்ல. பானிஸ்டருக்கும் அன்று வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் இரண்டு பேர் ஓடினார்கள். மனசு மட்டுமா ஓடியது?

இன்னொன்று. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண்ணுடம்பு தாங்காது என்று அதைத் தூக்கிவிட்டார்கள். திரும்ப வந்தது 1960இல். இடைப்பட்ட 32 வருஷமும் அந்தப் பெண்களிடம் போய் 'உங்கள் நம்பிக்கையைச் சோதித்துப் பாருங்கள்' என்பீர்களா? பூட்டு அவர்கள் தலைக்குள் இல்லை, விதிப்புத்தகத்தில் இருந்தது.

பழையபேனா:
ஒத்துக்கொள்கிறேன். வெளியே பூட்டிய கதவுக்கு உள்ளிருப்பவரைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் என் செலவுத்தாளை எந்த விதிப்புத்தகம் தடுத்தது?

அரைக்குடம்:
இடையில் புகுகிறேன். 1967இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் வெளியிட்ட நாய்ச் சோதனை தெரிந்திருக்கும். தப்பிக்கவே முடியாதபடி மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு தாண்டிப் போக வழி இருந்தும் படுத்தே கிடந்தன. இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். 2016இல் அதே இருவரும் அதைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிக் கிடப்பது கற்றுக்கொண்டதல்ல, அது இயல்பாக வருவது. கற்க வேண்டியிருப்பது 'என் கையிலும் ஏதோ இருக்கிறது' என்பதைத்தான்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். படுத்துவிட்ட நாய்களை எழுப்பியது எப்படித் தெரியுமா? கழுத்துவாரைப் பிடித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்தார்கள், ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. அப்புறம் தானாகத் தாண்டின. அதனால் நம்பிக்கையோடு வாதாடிப் பெரிய பயன் இல்லை என்பது என் கட்சி. காலை எடுத்து வைக்க வேண்டும்.

வெட்டுக்கிளி:
சரி, அப்போது இழுக்க ஒரு ஆள் வேண்டும். அதைத்தானே நானும் சொல்கிறேன்!

தவிர, சில 'வராது' உண்மை. எனக்குப் பாட்டு வராது. மூன்று வருஷம் கற்றுக்கொண்டேன், சுருதி சேரவே இல்லை. வாத்தியாரே கடைசியில் மென்மையாகக் கைகூப்பிவிட்டார். அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிம்மதியாக மற்றவர்கள் பாட்டைக் கேட்கிறேன்.

பழையபேனா:
மூன்று வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள், அந்தத் தீர்ப்பில் நான் கைவைக்கவில்லை. என் வழக்கில் கடைசி விசாரணை ஏழாம் வகுப்பில் நடந்தது. அதற்கப்புறம் சாட்சியே கூப்பிடவில்லை. நீங்கள் சொன்னதில் எனக்கு உறைத்தது இதுதான்.

அதனால் இன்று காலை அந்தத் தாளில் ஒரு நகல் வாங்கி, அவர் போட்ட விடையை மறைத்துவிட்டு நானே போட்டுப் பார்த்தேன்.

வெட்டுக்கிளி:
விடை?

பழையபேனா:
முதல் தடவை தப்பு. ஒரு எண்ணை இரண்டு முறை கூட்டியிருக்கிறேன். இரண்டாவது தடவை சரியாக வந்தது. மொத்தம் பதினோரு நிமிஷம்.

வெட்டுக்கிளி:
நான்கு எண்ணுக்குப் பதினோரு நிமிஷமா! சரி, அடுத்த மாதத் தாளுக்கு எவ்வளவு ஆனது என்று இங்கேயே எழுதுங்கள். அதுவரை என் கட்சி மாறாது.