ஸ்கேன் இல்லாத காலத்தில் கருவுக்கு ரத்தம் ஏற்றியது எப்படி?

கேள்வி:
நியூசிலாந்து டாக்டர் வில்லியம் லைலி 1963-இல் ஆக்லாந்தில், வயிற்றுக்குள் இருந்த குழந்தைக்கே ரத்தம் ஏற்றினார் என்று படித்தேன். அப்போது ஸ்கேன் புழக்கத்திலேயே இல்லையே, ஊசியை எங்கே குத்துவது என்று எப்படித் தெரிந்தது?

பதில் 1:
எக்ஸ்-ரேதான். படத்தில் தெரியக்கூடிய மருந்தைப் பனிக்குடத்துக்குள் செலுத்துவார்கள், குழந்தை பனிக்குட நீரோடு அதையும் விழுங்கும், குடல் படத்தில் தெரியும், அதைக் குறிவைத்து அம்மாவின் வயிறு வழியாக ஊசி. ரத்தக்குழாயில் இல்லை, குழந்தையின் வயிற்றறைக்குள் விட்டால் உடம்பு மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும். முதல் மூன்று குழந்தைகள் பிழைக்கவில்லை. நாலாவதுதான் பிழைத்தது. அதுவரை விடாமல் ஊசியைக் கையில் எடுத்தாரே!

பதில் 2:
நோய் என்னவென்று யாரும் சொல்லவில்லையே. ஆர்எச் பிரச்சினை, அதாவது ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அது அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒத்துப்போகாதது. அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் அம்மாவின் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கலாம் (பெரும்பாலும் இரண்டாவது கர்ப்பத்திலிருந்து). பனிக்குட நீரில் பிலிருபினை (சிவப்பணுக்கள் அழியும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள்) அளந்து பாதிப்பு எவ்வளவு என்று கணிக்கும் வரைபடமும் லைலி போட்டதுதான். என்னைக் கேட்டால் ஊசியைவிட அதுதான் பெரிய வேலை.

கேள்வி கேட்டவர்:
சரி, இப்போதும் இப்படித்தானா?

பதில் 1:
இல்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே தொப்புள்கொடி ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். 1968 வாக்கில், அம்மாவின் உடம்பில் அந்த எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி வந்த அப்புறம் அந்தத் தேவையே வெகுவாகக் குறைந்துவிட்டது.