மறு: ‘ஃபினிஷ்’ – ஒரு சொல் போதாது

வணக்கம்.

விஸ்கிச் சுவைக்குறிப்புகளுக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொல்வரைவில் ‘ஃபினிஷ்’ (finish) என்பதற்கு எதிரே ஆளுக்கொரு சொல் எழுதியிருக்கிறீர்கள். எல்லாமே ஒரே பொருளை மனதில் வைத்து எழுதியவை. விஸ்கிக்காரர்களோ அந்தச் சொல்லை இரண்டு வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அதை முதலில் பிரிக்காவிட்டால் எந்தச் சொல்லைப் போட்டாலும் குழப்பம்தான்.

நான் இருப்பது டென்மார்க்கின் யூட்லாந்துப் பக்கம். மேற்குக் கரையில், ரிங்கோபிங் கடற்கழியை ஒட்டி ஸ்டௌனிங் என்று ஒரு சிற்றூர். 2005-ல் ஒன்பது நண்பர்கள் சேர்ந்து, அங்கே ஒரு பழைய இறைச்சிக்கூடத்தில் விஸ்கி வடிக்கத் தொடங்கினார்கள். ஒரு மருத்துவர், ஒரு இறைச்சிக்கடைக்காரர், ஹெலிகொப்டர் ஓட்டுகிற ஒருவர் என்று ஆளுக்கொரு தொழில். வடிப்புத் தொழில் ஒருவருக்கும் தெரியாது. இந்த நாட்டுக்குப் பழக்கமானது பியரும் அக்வவிட் என்ற வடிமதுவும். விஸ்கிக்கு என்று சொல்லும்படி மரபு கிடையாது. அதனால் ஸ்கொட்லாந்துக்காரர் செய்வதை அப்படியே செய்யவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தானியத்தைத் தரையில் பரப்பி முளைகட்டுகிறார்கள், சிறிய செப்பு வாலைகளை (வடிகலங்களை) நேரடி நெருப்பில் வைத்து வடிக்கிறார்கள்.

அவர்களுடைய போத்தல் ஒன்றுக்கு ‘பாஸ்டர்ட்’ என்று பெயர். ரை (rye) என்ற தானியத்தில் செய்தது. ஓக் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியை எடுத்து, மெக்சிகோவின் மெஸ்கால் என்ற மது இருந்த பீப்பாய்க்கு மாற்றி இன்னும் கொஞ்சக் காலம் வைக்கிறார்கள். இந்த வேலைக்குப் பெயர் ஃபினிஷ். குடித்து விழுங்கிய பிறகு வாயில் நிற்கிறதே, அதற்கும் பெயர் ஃபினிஷ். வரைவில் ‘மெஸ்கால் ஃபினிஷ்’ என்பதை ‘மெஸ்கால் இறுதிச்சுவை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. மெஸ்காலின் சாயல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிகிறது. கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

பீப்பாய் மாற்றும் வேலைக்கு ‘மறுமுதிர்வு’ என்று வைக்கலாம். ‘மெஸ்கால் பீப்பாயில் மறுமுதிர்வு’, ‘வெர்மூத் பீப்பாயில் மறுமுதிர்வு’ என்றால் எவருக்கும் விளங்கும். இரண்டாவது காலம் முதலாவதைவிடக் குறுகியது, அதையும் முதிர்வு என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்பார். சொல்லலாம். ‘மறு’ என்ற முன்னொட்டு கால அளவு எதையும் சொல்வதில்லை.

இனி வாயில் நிற்கிற சங்கதி.

> பின்சுவை என்றே வைத்துக்கொள்ளலாமே. ஏற்கெனவே புழங்குகிற சொல்தான்.

புழங்குகிறது, உண்மை. ஆனால் கசாயம் குடித்து, மாத்திரை விழுங்கிய பிறகு வருகிற வேண்டாத சுவைக்கே அது அதிகம் புழங்குகிறது. வேண்டும் என்று காத்திருந்து ரசிக்கிற ஒன்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

> ஃபினிஷ் என்றால் முடிவு. ஆகவே இறுதிச்சுவைதான் நேர்.

ஐயா, ஆங்கிலச் சொல்லுக்கு நேர் தேடினால் இப்படித்தான் வரும். சுவைப்பவர் அந்தக் கட்டத்தில் எதைப் பார்க்கிறார்? நீளத்தை. எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கும்போது எப்படி மாறுகிறது என்று. ஸ்டௌனிங்கின் ரை விஸ்கியையே எடுங்கள். வாயில் வைத்ததும் இந்த நாட்டு ரைப் பாணின் லேசான புளிப்பும் தானிய வாசமும். விழுங்கியதும் மிளகுக் காரம் ஒன்று நாவின் ஓரங்களில் ஏறுகிறது. அது தணிந்த பிறகுதான் ஓக்கின் இனிப்பு மெல்ல வருகிறது, கடைசியில் துவர்ப்பு. இத்தனையும் விழுங்கிய பின் நடப்பவை. இதில் எதை ‘இறுதி’ என்பது?

நாங்கள் இயல்பாக என்ன சொல்கிறோம்? ‘வாயிலேயே நிக்குது’, ‘நாக்கில தங்கிட்டுது’. அந்த வினையைப் பிடித்துக்கொள்ளலாம்: ‘தங்குசுவை’. சுடுநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது, ‘தங்குச்சுவை’ என்று யாரும் திருத்திவிடாதீர்கள். நீண்ட தங்குசுவை, உலர்ந்த தங்குசுவை, காரமான தங்குசுவை என்று அடைமொழிகளும் உறுத்தாமல் ஒட்டுகின்றன. சட்டென்று மறைந்துவிடுகிற விஸ்கிக்கும் தங்குசுவையா என்றால், சரியாக ஊறாததையும் ஊறுகாய் என்றுதானே சொல்கிறோம்.

அடுத்தது புகை. இதில்தான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

> ‘பீட்டட்’, ‘ஸ்மோக்ட்’ இரண்டுக்கும் ‘கரிப்புகை மணம்’ போதும்.

போதாது. பீட் என்பது சதுப்பில் பாதி மட்கி, அடர்ந்து கிடக்கும் தாவரப் படிவு. யூட்லாந்தில் அதற்குக் குறைவில்லை. முன்பு எரிபொருளாக வெட்டி எடுத்தார்கள். டொலுண்ட் மனிதன் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான உடல் ஒன்று 1950-ல் சில்கபோர் அருகே கிடைத்ததே, அதுவும் பீட் வெட்டப் போனவர்கள் கண்டதுதான். ஈரத் தானியத்தை உலர்த்தும்போது பீட்டை எரித்தால் பீனால் சேர்மங்கள் தானியத்தில் ஏறும். மருந்துக்கடை வாசம், தார் வாசம் என்று சுவைக்குறிப்புகளில் வருவதெல்லாம் அதனால்.

ஆனால் டென்மார்க்கின் சிறு வடிப்பகங்கள் பீட்டோடு நிற்கவில்லை. ஸ்டௌனிங்கில் ஹெதர் என்கிற புதர்ச்செடியின் புகையும் சேர்கிறது. வடக்கே ‘தீ’ (Thy) என்ற வட்டாரத்தில், தங்கள் பண்ணையில் விளைந்த பார்லியிலேயே விஸ்கி வடிக்கிறார்கள். அதில் ஒரு வகைக்குப் பீச் மரப் புகை. கீவ என்ற ஊருக்கு அருகே ஃபாரி லோகன் என்று மிகச் சிறிய வடிப்பகம், தொட்டால் சுணைக்கிற காஞ்சோண்டி இனச் செடியை எரித்து மால்ட்டுக்கு (முளைகட்டிய தானியத்துக்கு) புகை போடுகிறது. ஃபூன் தீவில் பாற்கட்டிக்கு வைக்கோலும் இந்தச் செடியும் போட்டுப் புகை காட்டுவது பழைய வழக்கம், அங்கிருந்து எடுத்தது. (இங்கே பிராண்ட என்ற ஊரிலுள்ள அபிராமி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கக் கூடும்.) அந்தப் புகையில் தார் இல்லை, தொண்டையில் கமறல் இல்லை, காய்ந்த புல் வாசம் போல லேசாக வந்து போகிறது. இதையும் ‘கரிப்புகை’ என்று எழுதினால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டியதாகச் சொல்லும் மொழி நமது. அதே ‘ஊட்டு’ இங்கேயும் போதும். பொதுவாகச் சொல்ல ‘புகையூட்டிய’. எதன் புகை என்று தெரிந்தால் முன்னே சேர்க்கலாம்: பீட் புகையூட்டிய, ஹெதர் புகையூட்டிய, பீச் மரப் புகையூட்டிய. பீட்டைப் பீட் என்றே விடுவோம். நிலக்கரியோடு சேர்த்துச் சொல் கட்டினால் வாசனையே மாறிவிடுகிறது.

‘லிமிட்டெட் ரிலீஸ்’ – ‘வரையறுக்கப்பட்ட வெளியீடு’ என்பதைப் பார்த்ததும் எனக்குக் கம்பெனிப் பெயர்ப்பலகைதான் நினைவுக்கு வந்தது. 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்று நிறைந்தே இருந்தாலும், தண்ணீர் சேர்க்காமல் அடைத்தால் 700 மில்லிலிட்டர் போத்தல் 285-க்கு மேல் தேறாது. ஆவியாகிப் போனதைக் கழித்தால் இன்னும் குறையும். யாரும் உட்கார்ந்து வரையறுக்கவில்லை, அவ்வளவுதான் இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘ஒரு ஈடு இட்லி’ என்பார்களே, அந்த ‘ஈடு’ அருமையான சொல். ‘சிற்றீடு’ என்று வைத்தால் சிறு தொகுதியாக வடித்து அடைத்தது என்ற பொருள் கிடைத்துவிடும். ஒரே பீப்பாய் என்றால் ‘ஒற்றைப் பீப்பாய்’. தண்ணீர் சேர்க்காததற்கு வரைவில் உள்ள ‘பீப்பாய்ச் செறிவு’ நன்றாக இருக்கிறது, தொடவேண்டாம்.

சில்லறைத் திருத்தங்கள்: ரை என்பதற்குக் கம்பு என்று வந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள், கம்பு வேறு பயிர். ‘பாலட்’ என்ற இடத்தில் ‘அண்ணம்’ என்று இருக்கிறது. பல் வைத்தியரின் குறிப்புக்குப் பொருந்தும், விஸ்கிக்கு ‘வாய்ச்சுவை’ போதும்.

‘சிற்றீடு’ பற்றி மட்டும் தமிழ்நாட்டுக்காரர் யாராவது சொல்லுங்கள், இட்லிக்கு வெளியேயும் அந்த ‘ஈடு’ உங்கள் பக்கம் புழங்குகிறதா? மற்றவற்றுக்கு மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரைவில் ஏற்றிவிடுகிறேன்.