கிளாங் மரத்தில் -1ஐ மட்டும் பிடிக்க வழி இருக்கிறதா?

நண்பர்களே, கிளாங் ஏஎஸ்டி மேட்சர் (கிளாங் என்ற சி++ கம்பைலர் கோடைப் பிரித்துக் கட்டும் மரத்தில் வேண்டிய வடிவத்தைத் தேடும் கருவி) தெரிந்தவர்கள் யாராவது உதவுங்கள். எங்கள் பழைய சி++ கோடில் ஃபங்ஷன்களுக்கு நேரடியாக -1 அனுப்பும் இடங்களை எல்லாம் கண்டுபிடித்து, பெயர் வைத்த மாறிலியாக மாற்றப் பார்க்கிறேன்.

இன்டிஜர்லிட்டரல் (கோடில் நேரடியாக எழுதிய முழு எண்) மேட்சருக்குள் ஈக்வல்ஸ் போட்டு 0, 42 எல்லாம் தேடினால் ஒழுங்காகக் கிடைக்கிறது. -1 போட்டால் ஒன்றுமே வராது. மரத்தை அப்படியே அச்சிட்டு (டம்ப்) பார்த்தால் காரணம் தெரிகிறது: சி++ இலக்கணத்தில் எதிர்ம எண் லிட்டரல் என்று ஒன்றே கிடையாது, மேலே யூனரிஆபரேட்டர் (ஒற்றை மதிப்பின் மேல் வரும் குறி, இங்கே கழித்தல்), அதற்குக் கீழே வெறும் 1. சரி, யூனரிஆபரேட்டரோடு சேர்த்து எழுதினேன், வந்தது. ஆனால் பாராமீட்டர் டபுளாகவோ லாங்காகவோ இருந்தால் நடுவில் இம்ப்ளிசிட் காஸ்ட் (கம்பைலரே செய்யும் வகை மாற்றம்) ஒன்று உட்கார்ந்துகொள்கிறது, யாராவது அடைப்புக்குறி போட்டிருந்தால் அதற்குத் தனியாக மரத்தில் இன்னொரு கணு (நோட்), எனவே இக்னோரிங்பேரன்இம்ப்காஸ்ட்ஸ் போட்டு இரண்டையும் தாண்டிவிட்டேன்.

இப்போது ஈஓஎஃப் (கோப்பு முடிவைக் குறிக்கும் பெயர்) மாதிரி மேக்ரோவிலிருந்து (கம்பைல் ஆகும்முன் கோடாக மாற்றப்படும் பெயர்) விரியும் -1களும் சேர்ந்து வந்து குவிகின்றன. ஈஓஎஃப்புக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, அதை எதற்கு நான் தொட வேண்டும்! இஸ்எக்ஸ்பேண்டட்ஃப்ரம்மேக்ரோ மேட்சர் ஒவ்வொரு மேக்ரோ பெயராகக் கேட்கிறது, எங்களிடம் மேக்ரோக்களுக்குப் பஞ்சமே இல்லை.

எவால்யுவேட்ஆஸ்இன்ட் (கோவையின் முழு எண் மதிப்பைக் கணக்கிடும் ஃபங்ஷன்) வைத்துச் சொந்த மேட்சர் எழுதலாம்தான், ஆனால் அது மதிப்பை மட்டும் பார்ப்பதால் எனம், கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் என ஏற்கெனவே பெயர் உள்ள மாறிலிகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். எந்த மேக்ரோவாக இருந்தாலும் ஒரேயடியாக ஒதுக்க கிளாங்-குவரியிலேயே (மேட்சரை நேரடியாக ஓட்டிப் பார்க்கும் கருவி) வழி இருக்கிறதா, இல்லை கால்பேக்கில் (பொருத்தம் கிடைத்ததும் ஓடும் ஃபங்ஷன்) லொக்கேஷனை வாங்கி, அது மேக்ரோவிலிருந்து வந்ததா என்று இஸ்மேக்ரோஐடி வைத்துப் பார்த்துத்தான் வடிகட்ட வேண்டுமா?