திரியெஸ்தே: மண் யாருக்கு என்று சொல்லாமலே கோடு போட்டது சரியா?

பாளைவாசி:
எல்லைத் தகராறு என்றால் முதலில் மண் யாருக்குச் சொந்தம் என்று தீர்க்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இந்தக் குழுவில் பொதுவாக ஓடுகிற கருத்து இதுதான், கச்சத்தீவுப் பேச்சு வந்தபோதும் இதையேதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதால்தான் ஒரு ஊரில் போர் வராமல் போனது. அந்த ஊர் திரியெஸ்தே.

அட்ரியாட்டிக் கடலின் வடக்கு முனையில் இருக்கும் துறைமுகம். முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியாவிடம் இருந்தது, அப்புறம் இத்தாலிக்கு வந்தது. நகரத்துக்குள் பெரும்பாலும் இத்தாலிய மொழி, சுற்றுக் கிராமங்களில் ஸ்லோவேனிய மொழி. 1945 மே 1 அன்று பக்கத்து நாடான யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோவின் படை உள்ளே வந்தது, மறுநாளே நேச நாடுகள் தரப்பில் நியூசிலாந்துப் படையும் வந்து சேர்ந்தது. நாற்பது நாள் கழித்து டிட்டோவின் ஆட்கள் நகரத்தை விட்டு விலகினார்கள். 1947 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் இத்தாலியோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி திரியெஸ்தே இத்தாலி, யூகோஸ்லாவியா இரண்டு நாட்டுக்கும் இல்லை, ஐ.நா. பாதுகாப்பு அவையின் பொறுப்பில் இருக்கும் 'சுதந்திரப் பிரதேசம்'. நகரமும் துறைமுகமும் இருந்த ஏ மண்டலம் பிரிட்டன், அமெரிக்கப் படைகளிடம், தெற்கே கோப்பர், பிரான் என்ற ஊர்கள் இருந்த பி மண்டலம் யூகோஸ்லாவியப் படையிடம். இதற்கு ஆளுநர் ஒருவரைப் பாதுகாப்பு அவை நியமிக்க வேண்டும். யார் பெயரைச் சொன்னாலும் ஏதாவது ஒரு தரப்பு மறுத்ததால் கடைசி வரை ஆளுநர் வரவே இல்லை.

1953 அக்டோபர் 8-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஏ மண்டலத்தை இத்தாலியிடம் கொடுக்கப்போவதாக அறிவித்தன. இத்தாலியப் படை உள்ளே நுழைந்தால் அதைப் படையெடுப்பாகவே எடுத்துக்கொள்வோம் என்று டிட்டோ சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் எல்லையில் படை. அந்த நவம்பரில் திரியெஸ்தே தெருக்களில் நடந்த கலவரத்தில் ஆறு பேர் செத்தார்கள்.

அதன் பிறகுதான் லண்டனில் பேச்சு. 1954 பிப்ரவரியில் தொடங்கியது. பிரிட்டனின் ஹாரிசனும் அமெரிக்காவின் தாம்சனும் முதலில் யூகோஸ்லாவியாவின் வெலெபிட்டோடு மாதக்கணக்கில் தனியாகப் பேசினார்கள், அது முடிந்த பிறகு இத்தாலியின் புரோசியோவோடு தனியாக. பேரம் நடந்த காலத்தில் இத்தாலிக்காரரும் யூகோஸ்லாவியரும் ஒரே மேசையில் உட்காரவில்லை. பத்திரிகைக்கு ஒரு வரி கசியவில்லை. அக்டோபர் 5-இல் கையெழுத்தானது ஒரு 'புரிந்துணர்வுக் குறிப்பு' மட்டும்தான், உடன்படிக்கை கிடையாது. ஏ மண்டலத்தின் நிர்வாகம் இத்தாலிக்கு, பி மண்டலத்தின் நிர்வாகம் யூகோஸ்லாவியாவுக்கு, முஜ்ஜா பக்கத்துச் சில ஊர்கள் மட்டும் ஏ-யிலிருந்து பி-க்கு. இறைமை யாருக்கு என்று ஒரு சொல்கூட இல்லை. ரோமில் இருந்தவர் நாங்கள் பி மண்டலத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்று தன் மக்களிடம் சொல்லிக்கொள்ளலாம், பெல்கிரேடில் இருந்தவரும் திரியெஸ்தேயைப் பற்றி அதையே சொல்லிக்கொள்ளலாம். ஒரு குண்டு வெடிக்காமல் முடிந்தது. இதைவிட நல்ல வழி என்ன இருந்தது?

செங்கோட்டைக்காரி:
அண்ணாச்சி, நீங்கள் எழுதியதில் இரண்டு அரசாங்கம் இருக்கிறது, நான்கு தூதர்கள் இருக்கிறார்கள், அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. மூன்றரை லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த பகுதி அது. அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

குண்டு வெடிக்கவில்லை, சரி. ஊர் காலியானதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? 1947 உடன்படிக்கையில் திரியெஸ்தேக்குத் தெற்கே இருந்த போலா நகரம் யூகோஸ்லாவியாவுக்குப் போவது உறுதியானதும், முப்பதாயிரம் சொச்சம் பேர் இருந்த ஊரில் இருபத்தெட்டாயிரம் பேர் அளவில் கிளம்பிவிட்டார்கள். 'தோஸ்கானா' என்ற கப்பல் பனிக்காலத்தில் திரும்பத் திரும்ப வந்து ஆட்களை ஏற்றிப்போனது. கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் துறைமுகத்தில் குவிந்து கிடந்தன. முதல் உலகப்போரில் தூக்கிலிடப்பட்ட நசாரியோ சவுரோ என்ற மாலுமியின் சவப்பெட்டியைக்கூடக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து அந்தக் கப்பலில் ஏற்றினார்கள். செத்தவரைக்கூட விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. நீங்கள் மெச்சுகிற 1954 குறிப்புக்குப் பிறகும் இதேதான் நடந்தது, கோப்பரிலும் பிரானிலும் இருந்த இத்தாலியர்களில் பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டினார்கள். இறைமை என்ற சொல் காகிதத்தில் இல்லையே தவிர, யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பது அந்த ஜனத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

வண்ணாரப்பேட்டை:
நான் அக்கா பக்கம், ஆனால் காரணம் வேறு. 1947 உடன்படிக்கையே சரியான தீர்வு, அதை நடக்கவிடாமல் செய்தது வல்லரசுகள். 1948 மார்ச் 20-இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து மொத்தப் பிரதேசத்தையும் இத்தாலிக்கே திருப்பித் தர வேண்டும் என்று அறிவித்தன. ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் சுதந்திரப் பிரதேசம் என்று அவர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏன் மாறினார்கள்? அடுத்த மாதம் 18-ஆம் தேதி இத்தாலியில் தேர்தல், கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாது என்ற பயம். ஒரு தேர்தலுக்காக ஒரு உடன்படிக்கையைக் குப்பையில் போட்டார்கள்.

பாளைவாசி:
தம்பி, 1948 அறிவிப்பு அயோக்கியத்தனம், அதில் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. ஜூன் மாதமே ஸ்டாலினும் டிட்டோவும் பிரிந்துவிட்டார்கள், அதற்குப் பிறகு மேற்கு நாடுகளுக்கு டிட்டோவின் தயவும் தேவைப்பட்டது, அந்த அறிவிப்பை நிறைவேற்றவும் முடியவில்லை, திரும்பப் பெறவும் முடியவில்லை. ஆனால் சுதந்திரப் பிரதேசம் நின்றிருக்கும் என்று நீ நம்புவது எனக்குப் புரியவில்லை. இரண்டு மண்டலத்திலும் இரண்டு ராணுவம், இரண்டு நாணயம், ஆளுநர் இல்லை. தன் சொந்தப் போலீஸ்கூட இல்லாத நாட்டை யார் காப்பாற்றுவது?

தங்கச்சிக்கு: போலா விஷயம் 1947-இல் முடிந்தது, லண்டன் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1954-இல் மேசை மேல் இருந்தவை இரண்டுதான், கோடா, சண்டையா. மக்களிடம் கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். எந்த மக்களிடம்? நகரத்தைக் கேட்டால் இத்தாலி ஜெயிக்கும், கிராமங்களைக் கேட்டால் யூகோஸ்லாவியா ஜெயிக்கும். எண்ணுகிற வட்டத்தை யார் வரைகிறார்களோ அவர்கள்தான் முடிவையும் வரைகிறார்கள்.

அம்பை வாத்தியார்:
இரண்டு தகவல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேச்சு ஒரு பக்கமாகவே போகும்.

வாக்கெடுப்பு யோசனை 1946-இல் அமெரிக்கத் தரப்பிலிருந்தே வந்தது. சோவியத் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தாலிக்கும் அதில் பெரிய ஆசை இல்லை, ஏனென்றால் திரியெஸ்தேயில் கேட்டால் வடக்கே ஜெர்மன் பேசுகிற தெற்குத் திரோலிலும் கேட்க வேண்டிவரும், அங்கே என்ன பதில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆக மக்களைக் கேட்காமல் விட்டது யாரோ ஒருவர் செய்த சதி இல்லை, எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. கடைசியில் நான்கு வல்லரசுகள் வரைந்த நான்கு கோடுகளில் பிரான்சின் கோடு எடுக்கப்பட்டது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சிறுபான்மையினர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் கோட்டின் நியாயம்.

இரண்டாவது, கதை 1945-இல் தொடங்கவில்லை. 1920 ஜூலை 13-இல் திரியெஸ்தேயில் ஸ்லோவேனியர்களின் 'நரோட்னி டோம்' என்ற பண்பாட்டு இல்லத்தை ஃபாசிஸ்டுகள் கொளுத்தினார்கள். அப்புறம் பள்ளிகளில் ஸ்லோவேனிய மொழி நிறுத்தப்பட்டது, ஊர்ப் பெயர், குடும்பப் பெயர் எல்லாம் இத்தாலிய மயம். 1945-இல் டிட்டோவின் ஆட்கள் தரப்பில் பழிவாங்கல் நடந்தது, ஆட்களைக் கொன்று சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் தள்ளினார்கள். இரண்டையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்கிறவரோடு நான் விவாதிப்பதில்லை.

கோடு ஜனத்துக்கு என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் வடக்கே கொரிஸியாவைப் பாருங்கள். 1947 கோடு ஊரின் ஓரத்தை அறுத்துக்கொண்டு போனது. ரயில் நிலையம் யூகோஸ்லாவியாவில், அதன் முன்னால் இருந்த சதுக்கத்தின் பெரும்பகுதி இத்தாலியில். மீரன் என்ற ஊரில் எல்லை கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே போனது. 1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்களைப் பார்க்காத யூகோஸ்லாவியப் பக்கத்து ஜனம் சோதனைச் சாவடியில் கூடிவிட்டது, கூட்டம் பெருகப் பெருகக் காவலர்களால் தடுக்க முடியாமல் ஆயிரக்கணக்கானோர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். உறவினரைப் பார்த்துவிட்டுக் கடைகளில் தங்கள் ஊரில் கிடைக்காத சாமான்களை வாங்கினார்கள். பலர் வாங்கியது துடைப்பம். சாயங்காலம் ஆளுக்கொரு துடைப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்களே திரும்பிப் போனார்கள். இன்றும் அந்த நாளை அங்கே துடைப்ப ஞாயிறு என்றுதான் சொல்கிறார்கள்.

செங்கோட்டைக்காரி:
சார், துடைப்ப ஞாயிறு எனக்குப் புதுச் செய்தி, நன்றி. அண்ணாச்சி சொன்னதற்கு அதுவே பதில் என்பேன். அந்த ஜனம் கொடி கேட்கவில்லை, வழி கேட்டது. வழி விடுவதற்கு ஒருவரும் லண்டனில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

எங்கள் ஊரையும் சொல்கிறேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி. அன்றைக்கு நெல்லை மாவட்டத்துக்கு வந்தோம், ஆரியங்காவு அந்தப் பக்கம் நின்றது. சந்தோஷமாகத்தான் வந்தோம், போராடித்தான் வந்தோம், 1954-இல் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களை மறக்கவில்லை. ஆனால் மலையும் மழையும் எந்தப் பக்கம், வயல் எந்தப் பக்கம் என்பதைக் கோடு போட்டவர்கள் முழுசாகப் பார்க்கவில்லை. சிவகிரி, வாசுதேவநல்லூர்க்காரர்களிடம் செண்பகவல்லி அணைக்கட்டைப் பற்றிக் கேளுங்கள். உடைந்த தடுப்பு கேரளக் காட்டுக்குள் இருக்கிறது, தண்ணீர் இல்லாமல் காய்வது இங்கே உள்ள நிலம், எத்தனையோ வருஷமாக மனு மேல் மனு. தண்ணீரையும் வழியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 'அப்புறம்' வருவதே இல்லை.

பாளைவாசி:
செண்பகவல்லி விஷயத்தில் உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அது ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலத்துக்கு நடுவே உள்ள பிரச்சினை. தீர்க்க நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் மேலே இருக்கின்றன, தீர்க்காமல் இருப்பது வேறு குற்றம். திரியெஸ்தேயில் மேலே யாரும் இல்லை.

லண்டன் குறிப்பு வழியையும் தண்ணீரையும் மறந்துவிட்டது என்பதுதான் தவறு. அதோடு சிறுபான்மையினருக்கான தனிச் சட்டம் ஒன்றை இணைத்தார்கள், பள்ளி, பத்திரிகை, தாய்மொழியில் அரசு அலுவலகத்தோடு பேசும் உரிமை எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி. திரியெஸ்தே சுதந்திரத் துறைமுகமாகவே தொடரும் என்று இத்தாலி ஒத்துக்கொண்டது. மறு வருஷமே, 1955 ஆகஸ்டில், உதினெ ஒப்பந்தம் வந்தது, எல்லையோர மக்கள் சிறு அனுமதிச் சீட்டோடு இரண்டு பக்கமும் போய்வர வழி செய்தது. நிலம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்றிருந்த விவசாயிக்கு அதுதானே வேண்டும்? இறைமை யாருக்கு என்பதை முதலில் தீர்த்திருந்தால் இதில் எதுவும் 1955-இல் வந்திருக்காது, இரண்டு நாடாளுமன்றமும் இன்னும் கத்திக்கொண்டு இருந்திருக்கும். தள்ளிப்போட்டதால் ஆத்திரம் ஆறியது. 1975 நவம்பர் 10-இல் இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் ஓசிமோ உடன்படிக்கையில் அந்த 1954 கோட்டையே முறைப்படி நாட்டு எல்லையாக்கியபோது படை நகரவில்லை.

வண்ணாரப்பேட்டை:
படை நகரவில்லை அண்ணாச்சி, ஆனால் ஓட்டு நகர்ந்தது. ஓசிமோவும் ரகசியப் பேச்சுதான். அதில் எல்லையோரச் சுண்ணாம்பு மேட்டில் ஒரு கூட்டுத் தொழிற்பேட்டை என்று சேர்த்திருந்தார்கள், ஊரில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அறுபதாயிரத்துக்கு மேல் கையெழுத்து திரண்டது. 1978 நகரசபைத் தேர்தலில் பெரிய கட்சிகளையெல்லாம் பின்னே தள்ளிவிட்டு 'திரியெஸ்தே பட்டியல்' என்ற உள்ளூர் அமைப்பு முதலிடத்துக்கு வந்தது, மேயர் பதவியும் அவர்களுக்கே. அந்தத் தொழிற்பேட்டை கடைசி வரை கட்டப்படவே இல்லை. இருபது வருஷம் ஆறப்போட்ட பிறகும் கேட்காமல் செய்ததற்கு ஜனம் இப்படிப் பதில் சொல்லியிருக்கிறது.

அம்பை வாத்தியார்:
தம்பி சொன்னது சரியான தகவல். பாளைவாசிக்கு எதிராக நான் வைக்கும் இன்னொன்று. 1954-இல் நேச நாட்டுப் படை போன பிறகு திரியெஸ்தேயில் வேலை குறைந்தது, பின்னால் இருந்த நிலம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதால் துறைமுகமும் மெலிந்தது. இருபதாயிரம் பேர் அளவில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இத்தாலி ஜெயித்ததாகக் கொண்டாடிய அதே ஊரிலிருந்து.

ஆனாலும் கையெழுத்துப் போட்டது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1953 நவம்பரில் விழுந்த ஆறு பேரோடு அது நின்றது.

செங்கோட்டைக்காரி:
நின்றதற்கு நானும் சந்தோஷப்படுகிறேன் சார். நான் கேட்பது காகிதத்தில் போட்டதை யார் காப்பாற்றினார்கள் என்று. அண்ணாச்சி பெருமையாகச் சொன்ன சிறுபான்மையினர் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1954-இல் கையெழுத்தானது. இத்தாலியில் ஸ்லோவேனியச் சிறுபான்மையினருக்கு முழுமையான பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது 2001-இல், நாற்பத்தேழு வருஷம் கழித்து. 1920-இல் கொளுத்திய நரோட்னி டோம் கட்டடத்தை ஸ்லோவேனியர்களிடமே திருப்பித் தர இரண்டு நாட்டுக் குடியரசுத் தலைவர்கள் முன்னால் கையெழுத்தானது 2020 ஜூலை 13-இல். இறைமையைத் தள்ளிப்போட்டவர்கள் அதோடு சேர்த்து இதையும் தள்ளிப்போட்டார்கள். அந்த நாற்பத்தேழு வருஷத்தில் ஸ்லோவேனிய மொழியில் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவருக்கு லண்டனில் என்ன பதில் வைத்திருந்தார்கள் என்று சொல்லுங்கள், நான் உங்கள் பக்கம் வருகிறேன்.

பாளைவாசி:
அந்தத் தாமதத்துக்குப் பொறுப்பு ரோம், லண்டன் இல்லை. குறிப்பில் வாசகம் இருந்ததால்தான் அந்த ஜனம் நாற்பத்தேழு வருஷமும் அதைக் காட்டிக் கேட்க முடிந்தது. உங்கள் கேள்வியை ஒதுக்கவில்லை தங்கச்சி, சிறுபான்மையினர் சட்டத்தை நிறைவேற்றுகிறார்களா என்று கண்காணிக்க இரண்டு நாட்டாரும் சேர்ந்த ஒரு கலப்புக் குழுவையும் அந்தக் குறிப்பிலேயே வைத்தார்கள், அதற்கு ஏன் பல் இல்லாமல் போனது என்பதைத் தனியாக எழுதுகிறேன், அங்கே வந்து சண்டை போடுங்கள்.