கடமான் கழுத்தில் ரத்தப் புண், மாட்டுக்கு ஒட்டுமா?

தேயிலைமேடு:
வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை போகும் வழியில் எங்கள் எஸ்டேட். லைன் வீட்டுக்குப் பின்னால் மூன்று நாளாக ஒரு பெட்டைக் கடமான் வருகிறது, கேரளாக்காரர்கள் மிலாவு என்பார்களே, அதுதான். கழுத்தின் அடியில் முடியே இல்லாமல் வட்டமாக ரத்தச் சிவப்பு. மேய்ச்சலில் குறையில்லை. பையன் யூடியூபில் ஜாம்பி மான் என்று எதையோ பார்த்துவிட்டு மாட்டை அவிழ்க்காதே என்கிறான். இரண்டு மாடு வைத்திருக்கிறேன், பயமாக இருக்கிறது.

காட்டுவழி:
அண்ணா, மான் ஆராய்ச்சியில் இரண்டு வருடம் புழுக்கை பொறுக்கியவன் நான். முதல் வாரம் பார்த்த கடமானுக்கெல்லாம் ‘காயம்’ என்று எழுதி வைத்து, அந்தக் குறிப்பு மொத்தத்தையும் அழிக்க வேண்டியதாயிற்று. கடமானுக்கு அந்த இடத்தில் அப்படித்தான் இருக்கும், இணைசேரும் காலத்தில் நன்றாகவே தெரியும், சிலசமயம் ஈரமாகக் கசியும். சுரப்பி என்கிறார்கள், நுண்புழு வேலை என்றும் சொல்கிறார்கள், அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஜாம்பி மான் நோய் என்பது மானின் மூளையைக் கெடுத்துக் கொல்லும் நோய், 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் தெரியவந்தது, 2016இல் நார்வேயிலும் கண்டார்கள். இந்தியாவில் பதிவானதே இல்லை.

எச்சில் ஒழுகுதா, நொண்டுதா, குளம்பு வெடித்திருக்கா என்று பாருங்கள், அது கோமாரி. அதுவும் பெரும்பாலும் நம் மாட்டிலிருந்துதான் காட்டுக்குப் போகும். 1968இல் முதுமலையில் காட்டெருமைகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயும் மாட்டு நோய்தான், 2011இல்தான் உலகத்தைவிட்டே ஒழிந்தது. உங்கள் மாட்டுக்கு ஊசி போட்டாயிற்றா?

மலைக்காற்று:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். செத்த மான் கிடந்தால், மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுப்பு ரத்தம் இருந்தால், கிட்டவே போகாதீர்கள், கறிக்கு ஆசைப்பட்டு அறுக்கவும் விடாதீர்கள். அடைப்பானாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். 2022இல் உங்களுக்குக் கீழே அதிரப்பிள்ளிக் காட்டில் பன்றிகள் அதில்தான் செத்தன. அறுத்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாகி மண்ணில் பல வருடம் கிடக்கும். அதனால்தான் சந்தேகம் வந்தால் டாக்டரே வயிற்றைக் கிழிக்காமல் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பார். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு நாயைக் கட்டிப்போடுங்கள், போதும்.

தேயிலைமேடு:
நன்றி தம்பிகளா. போன முறை கோமாரி ஊசி போட வந்தபோது ஒன்று நிறைசினை என்று விட்டுவிட்டார்கள், அப்புறம் நானும் மறந்துபோனேன். கன்று போட்டு இரண்டு மாதமாகிறது, நாளைக்கே ஆஸ்பத்திரியில் கேட்கிறேன். கடமான் இப்போதும் பின்னால்தான் நிற்கிறது, பீன்ஸ் கொடியைப் பாதி முடித்துவிட்டது.